நெற்பயிர் சாயாமல் நிற்பதற்குத் தாளின் உயரம் மட்டும்தான் காரணமா?

கேள்வி: குடமுருட்டிக்கரை

அனைவருக்கும் வணக்கம். குடமுருட்டி ஆற்றுப் பாசனத்தில் சம்பா சாகுபடி செய்யும் குடும்பம் எங்களுடையது. இந்தத் தை மாதம், அறுவடைக்குச் சில நாட்களே இருந்த நிலையில், இரவில் காற்றோடு பெய்த மழையில் எங்கள் வெள்ளைப் பொன்னி முழுவதும் படுத்துவிட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் வயலில் இருந்த சி.ஆர். 1009 சற்றே தலை சாய்ந்ததோடு சரி, நின்றுவிட்டது. அது குட்டையான ரகம், பொன்னி உயரமானது, ஆகவே இது எதிர்பார்க்கக்கூடியதுதான் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை.

எனக்கு விளங்காதது வேறொன்று. வீட்டுத் தேவைக்காகவும் விதைக்காகவும் ஒரு சிறு பகுதியில் மாப்பிள்ளைச் சம்பா நட்டிருந்தோம். அது பொன்னியைவிடவும் உயரமானது. அதன் நடுப்பகுதி விழுந்துவிட்டது. ஆனால் வரப்பை ஒட்டிய இரண்டு மூன்று வரிசைகள் விழவில்லை. அதே விதை, அதே நாற்று, அதே மழை. உயரம்தான் காரணம் என்றால் வரப்போரத்துப் பயிரும் விழுந்திருக்க வேண்டும் அல்லவா?

சாய்ந்த தூர்களைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வேர் பெயரவில்லை. தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு விரற்கடை உயரத்தில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே, தாள் தட்டையாக நசுங்கி மடிந்திருந்தது. பெரும்பாலான தாள்களில் மடிந்தது அதே இடத்தில்தான். வரப்போரத்தில் நின்ற தாளை அதே உயரத்தில் பிளேடால் அறுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது, நின்ற தாளின் குழல் பருமனாகவும் அதன் சுவர் தடிப்பாகவும் இருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

தாளின் உள்ளே எந்த அமைப்பு பயிரை நிறுத்துகிறது, ஏன் அது குறிப்பிட்ட ஓர் இடத்திலேயே மடிகிறது, உயரமான பாரம்பரிய ரகங்களைக் குட்டையாக்காமலேயே சாயாமல் வளர்க்க முடியுமா என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: செல்சுவர்

வணக்கம். நான் கல்லூரியில் தாவர உள்ளமைப்பியல் கற்பிக்கிறேன். தாளை அறுத்துப் பார்த்தீர்களே, உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்த வெட்டுமுகத்தில்தான் இருக்கிறது.

சாய்தலில் இரண்டு வகை உண்டு. தாள் நேராகவே இருக்க, வேர்ப்பிடிப்பு தளர்ந்து தூர் முழுவதும் சரிவது ஒரு வகை. விதை மேலாக விழுந்து வேர் ஆழம் போகாத நேரடி விதைப்பு வயல்களில் இது அதிகம். வேர் அசையாமல் தாளே மடிவது மற்றொரு வகை. நடவு வயல்களில் பெரும்பாலும் இதைத்தான் காண்கிறோம். உங்கள் வயலில் நடந்திருப்பதும் இதுவே.

தாள் மடிவதை ஆய்வாளர்கள் இரண்டு அளவுகளுக்கு இடையிலான போட்டியாகக் கணக்கிடுகிறார்கள். இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட தாள்பகுதியே கணுவிடை. ஒரு கணுவிடையின் அடியிலிருந்து கதிர் நுனி வரை உள்ள நீளத்தை அந்தப் பகுதியின் பச்சை எடையால் பெருக்கினால், தாளை வளைக்க முயலும் திருப்புத்திறன் கிடைக்கும். 100 செ.மீ. நீளமும் 15 கிராம் எடையும் இருந்தால் அது 1500 கிராம் சென்டிமீட்டர். அதே கணுவிடையைத் தனியே வெட்டி எடுத்து, அது மடியும் வரை சுமை ஏற்றி அளந்தால் கிடைப்பது முறிவுத் திறன். முதல் அளவை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது சாய்வுக் குறியீடு. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், உயரம் முதல் அளவில் மட்டுமே இடம்பெறுகிறது. இரண்டாவது அளவு முழுக்க முழுக்க அடித்தாளின் வடிவத்தையும் அது எதனால் ஆனது என்பதையும் பொறுத்தது. உயரத்தைக் குறைத்தால் சுமை குறையும். அடித்தாளை வலுவாக்கினால் தாங்குதிறன் கூடும். இரண்டும் வெவ்வேறு வழிகள்.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். வெளிவிட்டம் 4 மி.மீ., சுவர்த் தடிப்பு 0.8 மி.மீ. உள்ள ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்களுக்கான வழக்கமான சூத்திரத்தின்படி, அதன் வெட்டுமுகம் வளைவைத் தாங்கும் அளவு சுமார் 5.5 கன மி.மீ. சுவர்த் தடிப்பை அப்படியே வைத்து விட்டத்தை மட்டும் 5 மி.மீ. ஆக்கினால் அது ஏறத்தாழ 9.6 ஆகிறது. செலவான பொருள் 31 விழுக்காடு கூடியிருக்கிறது; வலுவோ 76 விழுக்காடு கூடியிருக்கிறது. வளையும்போது இழுவிசையும் அழுத்தமும் உச்ச அளவில் இருப்பது வெளி விளிம்பில்தான் என்பதால், பொருளை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு பயன். அதே 4 மி.மீ. தாளின் பொருளை உள்ளீடற்ற குழலாக அல்லாமல் கெட்டியான கம்பியாகத் திரட்டினால் விட்டம் 3.2 மி.மீ. ஆகச் சுருங்கி, தாங்கும் அளவு 3.2 கன மி.மீ. தான் வரும். நெல்லும் கோதுமையும் வாற்கோதுமையும் நடுவே வெற்றிடம் விட்டுக் குழலாக வளர்வதன் இயற்பியல் ஆதாயம் இதுதான்.

ஆனால் இந்த ஆதாயத்துக்கு ஓர் எல்லை உண்டு. குழல் வளையும்போது அதன் வட்ட வெட்டுமுகம் நீள்வட்டமாகத் தட்டையாகத் தொடங்குகிறது. தட்டையான பிறகு தாங்கும் அளவு சட்டென்று சரிந்து, அந்த இடத்தில் மடிப்பு விழுகிறது. சுவர் மெலிந்த, அகன்ற குழலில் இது விரைவில் நேர்கிறது. நீங்கள் பார்த்த நசுங்கிய மடிப்பு இந்த நிகழ்வின் தடம். ஆகவே விட்டம் கூடும்போது சுவரின் தடிப்பும் உடன் கூட வேண்டும். கணுக்கள் உள்ளே கெட்டியாக இருப்பதால் குழலைக் குறுக்கே தடுத்து, அது தட்டையாகாமல் காக்கின்றன. அடிக்கணுவிடைகள் குறுகியிருந்தால் இந்தத் தடுப்புகள் நெருங்கி அமையும். நீண்டுவிட்டால் இடைவெளி கூடிவிடும்.

அடுத்தது பொருள். வெட்டுமுகத்தைக் கைலென்சில் பார்த்தால் புறத்தோலுக்கு உடனடியாக உள்ளே வெளிறிய, அடர்ந்த ஒரு வளையம் தெரியும். அது தடித்த சுவருடைய ஸ்கிளிரங்கைமா நார்ச் செல்களின் அடுக்கு. நீரையும் உணவையும் கடத்தும் வாஸ்குலக் கற்றைகளில் சிறியவை இந்த வளையத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். பெரிய கற்றைகள் அதற்கு உட்புறம் பாரங்கைமா என்ற மென்மையான திசுவுக்கு நடுவே, தத்தம் நார் உறையோடு இருக்கும். வலுவான தாளில் வெளி வளையம் பல செல் அடுக்குகளாக இருக்கும். நெருக்கத்தில் நிழலில் வளர்ந்த தாளில் அது மெலிந்துவிடும். இந்த நார்களின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் இழுவிசையைத் தாங்குகின்றன. அவற்றைச் சூழ்ந்த அரைச்செல்லுலோஸும் லிக்னினும் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, அழுத்தத்தில் நெளியாமல் காக்கின்றன. புறத்தோலில் படியும் சிலிக்காவுக்கும் தாளை விறைப்பாக்குவதில் பங்கு உண்டு.

தாளின் வலுவைப் பற்றிப் பேசும்போது இலையுறையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கணுவிடையையும் இறுகச் சுற்றியிருக்கும் உறை, குழலுக்கு வெளியே இன்னொரு குழலாக நின்று முறிவுத் திறனில் கணிசமான பங்கைச் சுமக்கிறது. கணுவுக்குச் சற்று மேலே உள்ள பகுதிக்கு இது இன்றியமையாதது. ஏனெனில் தாள் நீள்வது அங்குள்ள இடையாக்குத் திசுவால்தான். கணுவிடையில் கடைசியாக முதிர்ச்சி அடைவதும் அந்த இடமே. அடியிலைகள் காய்ந்து, அவற்றின் உறையும் அழுகித் தளர்ந்துவிட்டால், அந்த இளம் பகுதி துணையின்றி நிற்க நேர்கிறது. தரையை ஒட்டிய முதல் கணுவிடைகள் குட்டையாகவும் தடித்தும் இருப்பதால் தப்பித்துக்கொள்கின்றன. அவற்றுக்கு மேலுள்ள, நீண்ட முதல் ஒன்றிரண்டு கணுவிடைகளில்தான் திருப்புத்திறனும் அதிகம், சுவரும் போதாது. உங்கள் தாள்கள் அங்கேயே மடிந்ததற்குக் காரணம் இதுவே.

சாய்வு தானாகவே தன்னைப் பெருக்கிக்கொள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும். நிமிர்ந்து நிற்கும் தாளை அதன் சொந்த எடை வளைப்பதில்லை. 10 பாகை சாய்ந்தால் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கும், 30 பாகை சாய்ந்தால் பாதியும் தாளுக்குக் குறுக்காக இயங்கத் தொடங்குகின்றன. மழைநீரில் நனைந்து கனத்த கதிரைக் காற்று ஒருமுறை சாய்த்துவிட்டால், மீதி வேலையை எடையே முடித்துவிடுகிறது.

பதில்: விதைநெல்

வணக்கம். பயிர்ப்பெருக்கத் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில், உங்கள் மூன்றாவது கேள்விக்கு என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும்.

பழைய ரகங்கள் உயரமாக இருந்ததில் குறையொன்றும் இல்லை. களைக்கு மேலே தலை தூக்கவும், தேங்கும் நீரில் மூழ்காமல் இருக்கவும், மாட்டுக்கு வைக்கோல் தரவும் அந்த உயரம் வேண்டியிருந்தது. ரசாயன உரம் வந்த பிறகுதான் சிக்கல் எழுந்தது. தழைச்சத்தை (நைட்ரஜனை) ஏற்று அவை மேலும் நெடிதாகி, கதிர் கனத்ததும் விழுந்தன. பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1962ஆம் ஆண்டு பீட்டர் ஜென்னிங்ஸ், இந்தோனேசியாவின் உயரமான பேட்டா ரகத்தைத் தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னோடு ஒட்டுச் சேர்த்தார். அதன் வழிவந்த ஐ.ஆர். 8 ரகம் 1966இல் வெளியானது. கோதுமையில் இதே பணியை ஜப்பானின் நோரின் 10 செய்தது. 1935இல் பதிவான அந்த ரகத்தின் குட்டைத்தன்மையைத்தான் நார்மன் போர்லாக் மெக்சிகோவில் தம் கோதுமைகளுக்குள் கொண்டுவந்தார்.

இரண்டு பயிர்களிலும் மாறியிருப்பது ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கியோடு தொடர்புடைய மரபணு. நெல்லின் எஸ்டி1 மரபணு அந்த ஊக்கியை உருவாக்கும் நொதிகளில் ஒன்றுக்கானது என்பது 2002இல் தெரியவந்தது. அது பழுதடைந்தால் தாளில் ஜிப்ரலின் குறைந்து கணுவிடை நீள்வதில்லை. கோதுமையின் குட்டை மரபணுக்களோ, 1999இல் கண்டறியப்பட்டபடி, ஊக்கி இருந்தும் அதற்குச் செவிசாய்க்காத பயிரை உண்டாக்குகின்றன. கலிபோர்னியாவில் காமா கதிர்வீச்சின் மூலம் உருவாக்கி 1976இல் வெளியிட்ட கால்ரோஸ் 76 என்ற குட்டை நெல்லிலும் மாறியிருந்தது இதே எஸ்டி1தான். தைவானின் பழைய குட்டை நெல்லும் கதிர்வீச்சில் பிறந்த புதிய நெல்லும் ஒரே மரபணுவில் வந்து சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இருந்தாலும், இந்த மரபணு தாளை வலுவாக்கவில்லை; சுமையை மட்டுமே குறைத்தது. ஜிப்ரலின் குறைந்தால் தாளின் விட்டமும் சற்றுக் குறைகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். அதாவது குட்டை ரகம் நிற்பது குட்டையாக இருப்பதால்தான். அதன் அடித்தாளின் குழல் உயரமான உறவுக்கார ரகத்தைவிடப் பருமன் குறைந்ததாகக்கூட இருக்கலாம். கதிரின் எடையை மேலும் மேலும் கூட்டிக்கொண்டு, தாளின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே போவது எத்தனை காலம் நடக்கும்? பயிர் மிகக் குட்டையானால் இலைகள் நெருங்கி ஒன்றையொன்று மறைத்து, மொத்த விளைச்சலே குறைந்துவிடும்.

அதனால் கவனம் தாளின் பருமனை நோக்கித் திரும்பியது. ஜப்பானில் 1956இல் வெளிவந்த கோஷிஹிகாரி ரகம் சுவைக்காக இன்றும் கொண்டாடப்படுகிறது. ஆனால் எளிதில் சாய்ந்துவிடும். நம் வெள்ளைப் பொன்னியின் நிலையும் ஏறக்குறைய இதுதான்: சோற்றுக்காக விரும்புகிறோம், மழைக்காக அஞ்சுகிறோம். டோக்கியோ வேளாண்மை தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஹபடாக்கி என்ற தடித்த தாளுடைய ரகத்திலிருந்து தாளைப் பருமனாக்கும் எஸ்சிஎம்2 என்ற மரபணுவை ஆறாவது குரோமோசோமில் அடையாளம் கண்டு, 2010இல் வெளியிட்டார்கள். அது கதிரின் கிளைப்பைக் கட்டுப்படுத்துவதாக முன்பே அறிந்திருந்த ஏபிஓ1 மரபணுவின் ஒரு வடிவம் என்று தெரிந்தது. நுனியில் உள்ள வளர்திசு பெரிதாவதால் தாளும் தடிக்கிறது, கதிரில் மணியும் கூடுகிறது. வலுவான தாள் வேண்டுமென்றால் மணியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரும் நம்பிக்கையைத் தந்தது.

செல்சுவரின் வேதியியலைக் கூட்டுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. செல்லுலோஸ் குன்றிய நெல் திரிபுகளின் தாள் வளையாமல் பட்டென்று ஒடிந்துவிடுகிறது என்பது உண்மை. லிக்னின் குறைந்த திரிபுகளின் தாளும் வலுவிழக்கிறது. ஆனால் லிக்னினை மிகுதியாக்கினால் வைக்கோல் மாட்டுக்குச் செரிக்காது. நம் பகுதியில் வைக்கோலும் விளைச்சலின் ஒரு பங்குதான். ஆகவே மாப்பிள்ளைச் சம்பா போன்றவற்றைச் சீராக்க முனைபவர்கள், உயரத்தை ஓரளவு மட்டும் குறைத்து, குழலின் விட்டத்தையும் நார் வளையத்தையும் பார்த்துத் தெரிவு செய்வதே சிறந்தது என்பது என் கருத்து. ஒரே ரகத்தின் உள்ளேயே தூருக்குத் தூர் தாளின் பருமன் வேறுபடும். விதைக்கு எடுக்கும்போது கதிரை மட்டும் பார்க்காமல் அடித்தாளையும் பாருங்கள். ஆனால் வரப்போரத்தில் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே தாள் தடித்திருப்பது விதையினால் அல்ல, இடத்தினால்.

பதில்: பழைய ஆயக்கட்டு

வரப்போரத்துப் பயிர் நின்றதற்கான காரணத்தை நான் சொல்கிறேன் தம்பி. நம் வயல்களில் ஆண்டுதோறும் காண்பதுதான். வரப்போரத்துத் தூருக்கு ஒரு பக்கம் திறந்திருக்கிறது. வெயில் அடித்தாள் வரை இறங்குகிறது, காற்றோட்டம் இருக்கிறது, அடியிலை கடைசி வரை பச்சையாக நிற்கிறது. நடுவயலில் தழைச்சத்து மிகுந்து இலை மூடிக்கொண்டால், அடியில் இருட்டாகி, ஒவ்வொரு தூரும் ஒளியைத் தேடி மேலே எழும்புகிறது. அப்போது நீள்வது அடிக்கணுவிடைதான். நீண்ட அளவுக்குச் சுவர் கட்டுவதற்கு அதற்குச் சத்து கிடைப்பதில்லை.

நம்மில் பலர் சாய்ந்த அன்று பெய்த மழையைக் குறை சொல்கிறோம். தாளின் கதி அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. கதிர் உருவாகத் தொடங்கும் காலத்தை ஒட்டி அடிக்கணுவிடைகள் நீளத் தொடங்கி, கதிர் இன்னும் இலையுறைக்குள்ளேயே இருக்கும் தொண்டைக்கதிர் பருவத்துக்குள் நீண்டு முடித்துவிடுகின்றன. ஜப்பானில் மட்சுஷிமா என்ற அறிஞர் வகுத்த முறையில், கதிர் வெளிவருவதற்கு ஏறத்தாழ 40 நாட்களுக்கு முன்பிருந்து 20 நாட்களுக்கு முன்பு வரை தழைச்சத்தை வேண்டுமென்றே குறைப்பார்கள். அடிக்கணுவிடை குட்டையாக நிற்பதற்கே இந்தக் கட்டுப்பாடு. அந்தக் கட்டத்தில் பயிர் சற்று வெளிறுவதைப் பார்த்து நாம் அஞ்சி ஒரு மூட்டை யூரியாவை அள்ளி வீசிவிடுகிறோம். பயிர் கரும்பச்சையாகி மனதுக்கு நிறைவாக இருக்கும். தை மாதத்தில் படுக்கும். பொன்னி போன்ற சாயும் ரகத்துக்கு இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மேலுரம் இடுங்கள்.

பழைய சம்பா ரகங்களில் பல, பகற்பொழுது குறையும்போதுதான் கதிர் கட்டும் இயல்புடையவை. அவற்றை முன்கூட்டியே நட்டுவிட்டால் கதிர் முன்னதாக வருவதில்லை; இலையும் உயரமும்தான் கூடுகின்றன. முன்னோர் அவற்றுக்கென்று ஒரு நடவுக் காலத்தை வைத்திருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். தக்கைப்பூண்டோ கொளுஞ்சியோ பசுந்தாள் உரமாக மடக்கி உழுத நிலமாக இருந்தால், அதன் தழைச்சத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சாம்பல்சத்துப் பற்றாக்குறை உள்ள பயிரில் நார்ச் செல்களின் சுவர் மெலிந்துவிடும், அடியிலையும் விரைவில் கருகும். ஆகவே பொட்டாஷை விட்டுவிட்டு யூரியாவை மட்டும் கூட்டுவது சாய்வுக்கு நாமே வழிவிடுவதாகும். சிலிக்காவைப் பற்றி நம் பக்கம் பேசுவோர் குறைவு. நெல் தழைச்சத்தைவிட அதிகமாகச் சிலிக்காவை உறிஞ்சும் பயிர். தாளின் உலர் எடையில் அது 10 விழுக்காடு வரை இருக்கக்கூடும். ஜப்பானில் 1955லேயே சிலிக்கேட் உரத்தை நெல்லுக்கான உரமாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நாம் வைக்கோலையும் உமியையும் ஆண்டுதோறும் வயலைவிட்டு வெளியேற்றிக்கொண்டே இருக்கிறோம். உமிச் சாம்பல் கிடைத்தால் வயலில் சேருங்கள். அதனால் அடித்தாள் நேரடியாக வலுப்பெறுவதைவிட, இலைகள் விறைத்து நிமிர்ந்து ஒளியை உள்ளே விடுவதே பெரிய நன்மை என்று கருதுகிறேன்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலை இடையிடையே காயவிட்டு, நீர் கட்டுவது அடித்தாளுக்கும் வேருக்கும் நல்லது. இலையுறைக் கருகல் நோயையும் புகையான் பூச்சியையும் கவனியாமல் விட்டால், மேலே சொன்ன அத்தனையும் வீண். செல்சுவர் அம்மையார் விளக்கிய அந்த வெளியுறையைத்தான் கருகல் முதலில் அழிக்கிறது.

குடமுருட்டிக்கரை

அனைவருக்கும் மிக்க நன்றி. தொண்டைக்கதிருக்கு முன்பு எங்கள் பொன்னி வெளிறியபோது யூரியா இட்டது உண்மை. வரப்போரத்துக்கும் நடுவயலுக்கும் இடையிலான வேறுபாடு இப்போது தெளிவாகப் புரிகிறது. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அடுத்த சம்பாவில் தாளின் வலுவை வீட்டிலேயே அளந்து பார்க்க ஏதேனும் எளிய வழி உண்டா? சாய்ந்த பயிர் சில வயல்களில் தானாகத் தலை தூக்குகிறது, எங்கள் வயலில் ஏன் எழவில்லை?

பதில்: செல்சுவர்

அளக்க முடியும், ஒரு சமையலறைத் தராசும் அளவுகோலும் போதும். கதிர் வெளிவந்து மூன்று வாரங்கள் ஆனதும், நடுவயலில் வெவ்வேறு தூர்களிலிருந்து, தூருக்கு ஒன்றாக, பருமனான முதன்மைத் தாள்களை அடியோடு அறுத்து எடுங்கள். ஈரம் உலர்வதற்குள் வேலையை முடிக்க வேண்டும். கீழிருந்து பார்த்து, ஒரு விரல் நீளத்துக்கு மேல் நீண்டிருக்கும் முதல் கணுவிடையைக் கண்டுகொண்டு, அதன் அடியிலிருந்து கதிர் நுனி வரை உள்ள நீளத்தையும் அந்தப் பகுதியின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பெருக்கினால் வளைக்கும் திருப்புத்திறன் வந்துவிடும்.

பிறகு அந்தக் கணுவிடையை இலையுறையோடு, இரு முனையிலும் கணு இருக்குமாறு வெட்டி, 8 செ.மீ. இடைவெளியில் நிறுத்திய இரண்டு மரக்கட்டைகளின் மேல் கிடத்துங்கள். கணுவிடை அதைவிடக் குட்டையாக இருந்தால் கட்டைகளை நெருக்கி வையுங்கள். நடுவில் ஒரு சிறு வாளியைத் தொங்கவிட்டு, தாள் மடியும் வரை மணலைச் சிறிது சிறிதாகக் கொட்டுங்கள். மடிந்த கணத்தில் வாளியையும் மணலையும் சேர்த்து நிறுத்து, அந்த எடையை இடைவெளியால் பெருக்கி நான்கால் வகுத்தால் முறிவுத் திறன் கிடைக்கும். ஒரு கிலோவில் மடிந்தால் 1000 × 8 ÷ 4, அதாவது 2000 கிராம் சென்டிமீட்டர். நான் முன்பு எடுத்துக்காட்டிய 1500 கிராம் சென்டிமீட்டர் சுமைக்கு இதன் சாய்வுக் குறியீடு 75. எண் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு ஆபத்து. இன்னொரு தாளை உறையை உரித்துவிட்டு இதே முறையில் அளந்து பாருங்கள். உறை எவ்வளவு சுமக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். உங்கள் பொன்னியையும் மாப்பிள்ளைச் சம்பாவையும் பெரியப்பாவின் சி.ஆர். 1009ஐயும் ஒரே நாளில் அளந்து இங்கே பதிவிட்டால் எங்கள் எல்லோருக்கும் பயன்படும்.

சாய்ந்த பயிர் எழுவது கணுவை ஒட்டி, இலையுறையின் அடியில் இருக்கும் புடைப்பினால். அங்குள்ள செல்களில் மாவுமணிகள் ஈர்ப்பு விசைக்கேற்பக் கீழ்ப்பக்கம் படிகின்றன. அதை உணர்ந்து கீழ்ப்பக்கச் செல்கள் மட்டும் நீள்வதால் கணு முழங்கால்போல் மடங்கி, மேல்பகுதி நிமிர்கிறது. மேல் கணுக்கள் இளமையாக இருக்கும் வரைதான் இது நடக்கும். மணி முற்றி இலையுறை காய்ந்த பிறகு அந்தச் செல்களால் நீள முடியாது. மேலும், மணி நிரம்பும்போது தாளிலும் உறையிலும் சேமித்திருந்த மாவுச்சத்து கதிருக்குப் போய்விடுவதால், முதிர்ந்த தாள் முன்பிருந்ததைவிட வலுக் குன்றியிருக்கும். உங்கள் பயிர் அறுவடையை நெருங்கிய நிலையில் விழுந்ததால் அது எழ வாய்ப்பில்லை.

பதில்: பழைய ஆயக்கட்டு

பால் பிடிக்கும் பருவத்தில் சாய்ந்தால் நான்கைந்து தூர்களைச் சேர்த்து அவற்றின் தாளாலேயே கட்டி நிறுத்தலாம். ஆள் செலவு அதிகம்தான். ஆனால் மணி நிரம்ப வேண்டிய காலம் மீதியிருப்பதால் செலவுக்கு ஈடு உண்டு. முற்றிய பயிர் சாய்ந்திருந்தால் அதைத் தூக்கிக் கட்ட முயன்று மணியை உதிர்க்க வேண்டாம். வாய்க்காலைத் திறந்து நீரை ஒட்ட வடித்துவிடுங்கள். மணி முளைவிடுவதற்கு முன் அறுத்துவிடுவதுதான் முக்கியம். இயந்திரத்தை, பயிர் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் ஓட்டச் சொல்லுங்கள். கதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டுக் கத்தி நுழைந்தால் பயிரைத் தூக்கி எடுக்கும், பின்பக்கத்திலிருந்து வந்தால் அதன்மேல் ஏறி மிதித்துவிடும். வாடகை மணிக்கணக்கில் கூடினாலும் மெதுவாகவே ஓட்டட்டும்.